அப்பாவின் ரிமோட்டுக்குக் கடைசி அப்டேட்

அத்தியாயம் 14

பெரியவளை ஏன் இப்படிக் கல்நெஞ்சக்காரியாக வைத்திருக்கிறீர்கள் என்று இந்த வாரமும் இரண்டு கடிதங்கள். நான் வைக்கவில்லை, அம்மா. அவள் அப்படித்தான் இருக்கிறாள். அவள் கணவர், அதாவது நம் மாப்பிள்ளை, வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த காலையில் கூட இருந்தவர் மாப்பிள்ளை. தலை சுற்றுகிறது என்று அப்பா சாய்ந்ததற்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்ப்பவளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? முதல் ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். நல்லவேளையாகத் தம்பி காரோடு வந்து அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான், இல்லாவிட்டால் அப்பா இந்த அளவுக்குக்கூட மிஞ்சியிருக்க மாட்டார் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. மாப்பிள்ளை ஒரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் நாம் விட்டபோது, அப்பா கையிலிருந்த ரிமோட்டை மகள் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் போர்வை மடிக்கிற மும்முரத்தில் இருந்தாள்.

அந்த ரிமோட்டைப் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். இப்போது கழுத்துக்குக் கீழே அவர் பேச்சைக் கேட்பவை வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். வாய் பேசாது. தலையாட்ட முடியாது. கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கண் எந்நேரமும் நீர் கோத்துக்கொண்டே இருப்பதால் எது பதில் என்று பிடிபடவில்லை. விரல்களோ எந்நேரமும் லேசாக அசைந்துகொண்டிருக்கும், பட்டனை அழுத்தினால் ஒழிய அதிலும் எது பதில் என்று தெரியாது.

மாப்பிள்ளை கூட்ட அரங்குகளுக்குத் திரையும் ஒலிபெருக்கியும் மாட்டித் தருகிறவர். பத்து சாதனத்தை ஒரே ரிமோட்டுக்குள் அடக்குவதுதான் அவர் தொழில். அப்பா வீடு திரும்பிய இரண்டாவது வாரம் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கட்டில், விசிறி, விளக்கு, டிவி, வாசல் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுத்தார். கூடத்தில் ஒரு மணியும் மாட்டினார். ஆம் என்கிற பட்டனுக்கு மணி ஒரு முறை அடிக்கும். இல்லை என்றால் இரண்டு முறை.

அதன் பிறகு அப்பா அதில் பேசவே ஆரம்பித்துவிட்டார். மனசு சரியாக இருந்தால் பழைய பாட்டுச் சேனல். கோபம் என்றால் செய்தி. பெரியவளும் சின்னவனும் சண்டை போட்டால், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாத நிகழ்ச்சியை முழுச் சத்தத்தில் வைப்பார். அதற்கு மேல் யாரால் சண்டை போட முடியும்.

அந்த ரிமோட்டின் சிறு திரையில்தான் ஒரு வாரமாக ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை மாலை ஒருவழியாகப் பெரியவள் குனிந்து அதைப் படித்தாள். ரிமோட்டைச் செய்த கம்பெனி இந்தப் பழைய மாடலைக் கைகழுவுகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு சேவை நின்றுவிடும். அதற்குள் கம்ப்யூட்டரில் இணைத்துக் கடைசி அப்டேட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இந்த ரிமோட்டில் எதையும் ஏற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது.

மாப்பிள்ளை வைத்த ரிமோட், மாப்பிள்ளை பெயரில் இருக்கிற கணக்கு. அவரைக் கேட்டால் ஐந்து நிமிட வேலை. அவள் கேட்பாளா? தம்பியைக் கூப்பிட்டாள்.

சின்னவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். மதியம் வரை அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன், இரண்டு மணியிலிருந்து அக்கா. "இதுக்கு அத்தான் எதுக்குக்கா? நானே போட்டுடறேன்" என்றான். அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் ஒருவனாவது தன் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவளுக்குப் போன் வந்தது. பரிசோதனைக்கூடத்தில் கையுறையோடு ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சின்னவனின் குரல் கீழே போயிருந்தது. அத்தானின் கணக்குக்குப் பாஸ்வேர்டு தெரியாததால் தன் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினானாம். ரிமோட்டை இணைத்தானாம். ஏதோ கேட்டதாம், சரி என்று அழுத்திவிட்டானாம். அப்டேட் நல்லபடியாக ஏறிவிட்டது. ஆனால் ரிமோட்டில் இருந்த அத்தனையும் போய்விட்டது.

போய்விட்டது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். திரையில் கம்பெனிப் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றான்.

அவள் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். ரிமோட் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டே இருந்தது. கட்டில் அசையவில்லை, மணி அடிக்கவில்லை. அழுத்தினார், கொஞ்சம் இடம் மாற்றி மறுபடி அழுத்தினார்.

அவருக்கு ஏதோ வேண்டும். அது மட்டும் தெரிந்தது. தண்ணீரா என்று ஸ்பூனால் கொடுத்துப் பார்த்தார்கள், கடைவாயில் வழிந்தது. முதுகா என்று திருப்பிப் படுக்க வைத்தார்கள். விரிப்பை மாற்றினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், திறந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான், விசிறிக் காற்று நேராக அவர் கண்ணில் அடிக்கிறது என்பது பெரியவளுக்கு உறைத்தது. விசிறியைக் குறைத்ததும் அப்பாவின் கட்டைவிரல் அழுத்துவதை நிறுத்தியது. ஒரு விசிறியைக் குறைக்கச் சொல்ல ஒரு மனிதனுக்கு முக்கால் மணி நேரம்.

பெரியவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டாள்.

அங்கே இருந்த பெண் பொறுமையாகவே பேசினாள். ரிமோட்டுக்குள் இருந்ததைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. அமைத்துக் கொடுத்தவரின் கம்ப்யூட்டரில் அதன் ஃபைல் இருக்கும், அவர்தான் மறுபடி ஏற்ற வேண்டும். அதுவும் ஆறு மணிக்குள். ஆறுக்குப் பிறகு காலியாக இருக்கிற ரிமோட் காலியாகவேதான் இருக்கும்.

சின்னவன் அதற்குள் நாலு யோசனை சொல்லிவிட்டான். அட்டையில் எழுத்துகளை எழுதிக் காட்டலாம், அப்பா விரலால் தொடட்டும். புது ரிமோட் ஒன்று வாங்கலாம். கடைக்கு வருகிற ஒருவருக்கு இந்த மாதிரி வேலை தெரியும், அவரைக் கேட்கலாம். அத்தானைக் கூப்பிட வேண்டாம், கூப்பிட்டால் உனக்குத்தான் தலைகுனிவு என்று இரண்டு தடவை சொன்னான். தனக்காகத்தான் இப்படித் தவிக்கிறான் என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

அட்டை எழுதினார்கள். கையைத் தூக்கி எழுத்தின் மேல் வைக்க அப்பாவால் முடியவில்லை. புது ரிமோட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், வந்தாலும் அந்தப் பழைய கட்டிலோடு அது பேசுமா என்று யாருக்கும் தெரியாது. சின்னவன் சொன்ன அந்த வேலை தெரிந்தவர் போனையே எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு அவள் மாப்பிள்ளையின் எண்ணைப் போட்டாள். போனிலிருந்து எப்போதோ அழித்த எண் அது. விரலுக்கு மறக்கவில்லை.

அவர் எடுத்தார். பின்னால் யாரோ டிரில் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். அலுவலகத்தில் கடிதம் வாசிப்பது போல வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

"மாமா எப்படி இருக்காரு இப்ப?" என்றார்.

"அழுத்திக்கிட்டே இருந்தாரு. இப்ப விட்டுட்டாரு."

"யாரு போட்டது அப்டேட்டை?"

"தம்பி. என்னவோ கேட்டுச்சு, சரின்னுட்டேங்கறான்."

"அது ரெண்டு தடவை கேட்குமே" என்றார் தனக்குத்தானே பேசுவது போல. பிறகு, ஏணியில் நிற்கிறேன், இதை முடித்துவிட்டு நாலு மணிக்கு மேல்தான் வர முடியும், ஃபைல் இருக்கிறது, பயப்படாதே என்றார்.

அவர் வருகிறார் என்று கேட்டதும் சின்னவன் சட்டையை மாட்டினான். கடையில் அவசரமாம், இரண்டு பேர் லீவாம். பெரியவள் போகச் சொன்னாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அத்தானை நேரில் பார்க்கக் கூச்சமாக இருக்கும் என்று அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

நாலு இருபதுக்கு மாப்பிள்ளை வந்தார். இளைத்திருந்தார். சட்டையில் சுவர்த் தூசி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அவளைக் கடந்து நேராக அறைக்குப் போனார். கட்டில் ஓரம் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டேன் மாமா. ஒண்ணும் போகலை. எல்லாம் என்கிட்ட இருக்கு."

அப்பாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. எப்போதும் வருகிற நீர் இல்லை இது. மாப்பிள்ளை பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒற்றிவிட்டார். அந்தக் காதைத் துடைப்பது இந்த வீட்டில் தன் வேலை என்று ஒன்றரை வருடமாக நினைத்திருந்தவள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள்.

லேப்டாப்பைக் கூடத்து மேஜையில் வைத்து ரிமோட்டை இணைத்தார். உடனே ஒரு முட்டுக்கட்டை வந்தது. ரிமோட் இப்போது சின்னவனின் கணக்கில் இருக்கிறது. அவன் விட்டுக்கொடுத்தால்தான் இவர் தன் ஃபைலை ஏற்ற முடியும். அவன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போயிருக்கிறது. அதைச் சொல்லச் சொல்லுங்கள் என்று திரை நின்றது.

பெரியவள் தம்பிக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கடை எண்ணுக்குப் போட்டபோது, அவன் மூன்றரைக்கே வெளியே போய்விட்டானே என்றார்கள். மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிடம்.

எங்கே போயிருப்பான் என்று அவள் வாய்விட்டுப் புலம்பினாள். மாப்பிள்ளை மணியின் வயரைச் சரிபார்க்கக் கூடத்துக் கோடிக்குப் போனார். எண் வந்துவிட்டால் அடிக்க வேண்டுமே என்று அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையின் ஓரத்தில் அந்த ஃபைலின் பழைய அப்டேட்டுகள் தேதி வாரியாக அடுக்கியிருந்தன. தற்செயலாகத்தான் பார்த்தாள். முதலில் புரியவில்லை. கடைசித் தேதி போன செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் சனிக்கிழமை. அதற்கு முன்னும் வாரத்துக்கு இரண்டு, மூன்று. இவர் போய் ஐந்து மாதம் ஆயிற்றே, யார் இந்த ரிமோட்டை அப்டேட் செய்துகொண்டிருந்தது?

ஒன்றைத் திறந்தாள். ஐந்தாம் பக்கம் என்று இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த ரிமோட்டில் நாலு பக்கம்தான் தெரியும். ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியும், அதன் கீழே ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்களும் இருந்தன. பட்டனுக்குப் பெயர் எழுதுகிற இடத்தில் மாப்பிள்ளை கேள்வி எழுதியிருந்தார். ராத்திரி ரிமோட்டைச் சார்ஜரில் வைத்ததும் அப்பா எதை அழுத்தினார் என்பது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெரிய அப்டேட்டுக்குத்தான் வயர் வேண்டும். இந்த மாதிரி ஒரு வரியை மாற்ற அவர் இருக்கிற இடத்திலிருந்தே போதும்.

'முதுகுப் புண் ஆறிடுச்சா மாமா?' ஆம்.

'மாத்திரை நேரத்துக்குக் குடுக்கறாங்களா?' ஆம்.

'அவ தூங்கறாளா?' இல்லை.

'என்னைப் பத்திக் கேட்டாளா?' இல்லை.

இன்னும் கீழே போனாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஒரே கேள்வி. 'சொல்லிடலாமா மாமா?' இல்லை. அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே இல்லை. கடைசியாகச் செவ்வாய்க்கிழமை: 'வெள்ளிக்கு மேல இதுல எழுத முடியாது மாமா. வயர் போட நானே வரணும். வந்து சொல்லிடலாமா?'

ஆம்.

மாப்பிள்ளை மணியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பியபோது அவள் கண் அந்த வரியிலேயே நின்றிருந்தது. திரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன சொல்லணும்?" என்றாள்.

"மாமா சொல்லட்டும்."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா நீ நம்ப மாட்ட. அவர் சொன்னா நம்புவ."

அப்பா சொல்வதற்குத்தான் வழியில்லையே. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ரிமோட் இல்லாமல் காலியாக இருந்த வலது கையின் கட்டைவிரல் விரிப்பின் மேல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்குள் அந்த எண் வராவிட்டால் அப்பாவுக்கு என்ன தெரியும் என்பது அப்பாவோடேயே இருந்துவிடும்.

ஐந்தரைக்கு வாசலில் சத்தம் கேட்டது. சின்னவன் தானாகவே வந்துவிட்டான். எங்கெங்கோ நடந்திருக்கிறான் போலிருக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனை தடவை போன் போட்டேன் என்று பெரியவள் பிடித்துக்கொண்டாள். சார்ஜ் இல்லை என்றான். ஆனால் போன் கையில் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. "அத்தான், அந்த ஃபைல்ல எல்லாமே இருக்கா?"

"எல்லாமே இருக்குடா."

சின்னவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெரியவளுக்குப் பொறுமை போய்விட்டது, பிடுங்கப் போனாள். மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். அவனே கொடுக்கட்டும் என்பது போல இருந்தது. ஐந்து நிமிடம் அப்படியே போனது. அறையிலிருந்து அப்பாவின் தொண்டை கரகரக்கும் சத்தம் மட்டும் வந்தது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் இனி அவருக்கு இருக்கப்போவது அந்தச் சத்தம்தான்.

சின்னவன் எண்ணைச் சொன்னான். மூன்று இலக்கம் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மீதி மூன்றை மெதுவாகச் சொல்லி முடித்தான். மாப்பிள்ளை அடித்தார்.

அப்டேட் ஏற ஆரம்பித்தது. பாதியில் சிறிது நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. மாப்பிள்ளை வயரைக் கழற்றி, ரிமோட்டைத் துடைத்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரலைப் பொருத்தினார்.

அப்பா முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிக் குறைத்தார். டிவியைப் போட்டுப் பழைய பாட்டில் ஒரு நிமிடம் நிறுத்தினார். ஒரு நாளில் தொலைந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பவர் மாதிரி எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டுவிட்டு டிவியை அணைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

பெரியவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காரணம் தெரியாத நோய்க்கு ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே போவது அவளுக்குத் தினப்படி வேலை. அப்படியே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு லேட்டானதுக்கு இவரா காரணம்?"

கூடத்தில் மணி இரண்டு முறை அடித்தது.

ஒன்றரை வருடத்தை அந்த இரண்டு மணி வாரிக்கொண்டு போய்விட்டது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?"

இரண்டு முறை.

"வேற யாராவதா?"

ஒரு முறை.

வேறு யார்? அன்று வீட்டில் இவர்கள் இருவர்தான். மூன்றாவதாக வந்தவன் காரைக் கொண்டுவந்தவன். காரைக் கொண்டுவந்தவன் என்றால், அதுவரை வீட்டில் நிற்க வேண்டிய கார் எங்கே இருந்தது? நன்றி சொல்லிச் சொல்லியே இத்தனை நாள் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

"தம்பியா?"

அப்பாவின் கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. காலையிலிருந்து ஒரு சொல்லுக்காகத் தவித்தவர், சொல் கைக்கு வந்த பிறகு அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார். கதவில் சின்னவன் நின்றிருந்தான்.

"அழுத்துங்கப்பா" என்றான் அவன். "எனக்காகப் பார்த்தது போதும்."

மணி ஒரு முறை அடித்தது.

இரண்டாவது அடிக்கும் என்று பெரியவள் காத்திருந்தாள். அடிக்கவில்லை.

சின்னவன் கதவு நிலையிலேயே சரிந்து உட்கார்ந்து சொன்னான். அன்று விடிவதற்கு முன் யாரிடமும் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு அணைக்கட்டுக்குப் போயிருக்கிறான். ஒரு மணி நேரப் பயணம். அத்தான் போன் செய்தபோது, தெரிந்தால் அக்கா கொன்றுவிடுவாள் என்று பயந்து, பக்கத்தில்தான் இருக்கிறேன், பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன், வேறு வண்டி கூப்பிட வேண்டாம் என்றிருக்கிறான். பத்து நிமிடம் கழித்து மறுபடி போன். சிக்னலில் நிற்கிறேன், இதோ வந்துவிட்டேன். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் அத்தான் நம்பினார். அவரும் அப்பாவும் எதற்காக வாயை மூடிக்கொண்டார்கள் என்பதை அவன் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. தெரிந்திருந்தால் அன்றே அவனை வெளியே தள்ளியிருப்பாள். அவளுக்கே அது தெரியும்.

கூடத்து லேப்டாப்பில் ஏதோ வந்து நின்றது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். மணி ஆறு, சேவை முடிந்தது. இனி ஐந்தாம் பக்கத்தில் யாரும் எதுவும் எழுத முடியாது.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்துச் சின்னவன் முகத்தைக் கையால் மூடியிருந்தான். அவள் எழுந்து அவன் எதிரே போய் நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"காலையில அதை அழிக்கறதுக்கு முன்னாடி அஞ்சாவது பக்கத்தைப் பார்த்தியா நீ?"

அவன் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு தடவை கேட்கும்னாரு இவரு. ரெண்டு தடவையும் சரின்னியே, தெரிஞ்சா சொன்ன?"

மாப்பிள்ளை ரிமோட் வயரைச் சுருட்டிக்கொண்டே நடுவில் வந்தார். "தெரியாம அழுத்தியிருப்பான். சின்னப் பையன், விடு."

அவள் அவரை ஐந்து மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக நேராகப் பார்த்தாள். கண்ணில் நீர் நிரம்பியிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

"நீங்க பேசாதீங்க. இத்தனை நாள் எனக்காக ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்கல்ல, இப்பவும் இருங்க. அவன் சொல்லட்டும்."